கை நிறைய வளையல், சத்தமே இல்லை

மகனே,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை அரும்பி, அடர்ந்து, அதை ஒதுக்கிவிடும் வயதும் வந்திருக்கும். உனக்குக் கல்யாணமாகி, உன் மனைவி காலையில் வாந்தியும் மாலையில் புளிப்பு மாங்காயுமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். இப்போது நீ ஸ்பிரிங் தொட்டிலில் தூங்குகிறாய், ஒரு கால் மட்டும் சாரோங் துணிக்கு வெளியே. அடுத்த மாதம் இந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிம்பாங் பூலாய்க்குப் போகிறோம். அங்கே ஒரு லாரிப் பட்டறையில் உன் அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. புது இடத்தில் புது ஆட்கள் இருப்பார்கள். நீயும் நானும் பிழைத்த கதையை உன் அப்பா அவர்களுக்கெல்லாம் சொல்வார். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அன்று அவர் ஓட்டிய காடியின், அதாவது காரின், வேகம் கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் சொன்னதில் ரோட்டில் நின்ற மாடுகள்கூட ஒதுங்கி வழி விட்டன. அவரே என்னிடம், "நீ ஒழுங்கா எழுதி வச்சிடு. நான் சொன்னா பிள்ள நம்பாது," என்றார். அதனால் நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன்.

முதலில் உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தினேன். நான் பிறந்த ஊரான பாகான் டத்தோவில் என் அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதும், தம்பிகளுக்குச் சமைத்துப் போட வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. படிப்பு போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டாமே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. கடையில் சாமான் வாங்கினால் விரலால் காட்டுவேன். கல்யாணப் பதிவில் அதிகாரி "சம்மதமா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சொல்லச் சொன்னார். உன் அப்பா முந்திக்கொண்டு, "சம்மதம்னு சொல்றாங்க சார்," என்றார். "உன்னைக் கேட்கவில்லை," என்று அதிகாரி மலாயில் அவரை அதட்டினார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து என் பதில்களையெல்லாம் சொல்லும் வேலையை உன் அப்பா எடுத்துக்கொண்டார், எனக்கும் அது வசதியாக இருந்தது.

அந்த வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. நீ வயிற்றில் வந்த அதே மாதத்தில் ஈப்போவில் உன் செல்வி அத்தையும் உண்டாகியிருந்தார். அத்தை உன் அப்பாவுக்கு அக்கா, தாயில்லாத அவரை வளர்த்தவர். எனக்கு அண்ணி. சூப்பர் மார்க்கெட் கல்லாவில் வேலை, வாய் ஓயாது. ஏற்கெனவே இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்றாவது எதிர்பாராமல் வந்தது. "எனக்குத் தொணைக்கு நீ, ஒனக்குத் தொணைக்கு நான். ரெண்டு பேரும் வயித்தத் தள்ளிக்கிட்டு நடந்தா தோட்டமே பாக்கும்லா," என்றார் போனில். நான் சிரித்தேன். போனில் சிரிப்பது மட்டும்தான் எனக்கு வரும்.

எங்கள் இருவருக்கும் இரண்டு விதமான கோளாறு. இங்கே சித்தியவான் பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ரத்தம் கம்மி என்றார்கள். இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். நானும் தவறாமல் சாப்பிட்டேன், ஆனால் அடுத்தடுத்துப் பார்த்தும் ரத்தம் ஏறவே இல்லை. மிசி சல்மா என்னை முறைத்தார். இங்கே நர்ஸை மிசி என்றுதான் கூப்பிடுவோம். இந்த மிசி ஒரு மலாய்க்காரர். சின்ன வயதில் இதே தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். பந்து விளையாடும் பையன்களிடம் தமிழ் கற்றதால் கிழவியானாலும் கர்ப்பிணியானாலும் எல்லாருக்கும் 'டா'தான். "மாத்திரைய என்னாடா பண்ற? கோழிக்குப் போடுறியா?" என்றார். உன் அப்பா எனக்காகப் பதில் சொன்னார்: "இல்ல மிசி, தெனமும் பசியாறும்போது தே ஓவோட முழுங்குறா." மிசி நெற்றியில் அடித்துக்கொண்டார். தே ஓ என்றால் பால் சேர்க்காத தேநீர். அந்தச் சாயத் தண்ணீர் இரும்பை உடம்பில் சேர விடாதாம். இந்த லயத்தில் எத்தனை பேர் எத்தனை காலமாக மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கி வீணாக்கினார்களோ! கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டு அதோடு மாத்திரையைப் போடச் சொன்னார். வாசலிலேயே கொய்யா மரம். அடுத்த மாதம் ரத்தம் ஏறியது.

ஈப்போவில் அத்தைக்குச் சீனி. குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனையைப் பற்றி அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "காலங்காத்தால பட்டினி போட்டு ஒரு டம்ளர் இனிப்புத் தண்ணி குடுத்தாங்க. நானும் ஆசையா குடிச்சேன். கடைசியில நான் குடிச்சதுக்கு அவங்க கோவிச்சிக்கிறாங்க!" அதன் பிறகு அவருக்குப் பாலும் சீனியும் போட்டு ஆற்றிய தே தாரிக் இல்லை, பாலில் ஊறிய பலகாரம் இல்லை, தட்டில் சோறு பாதி. விரலைக் குத்திக் குத்தி அளவு பார்த்தார். விடுமுறைக்கு இங்கே வந்தால் எனக்கு ஈரல் வாங்கி வருவார், தான் சாப்பிட முடியாத குவே என்ற இனிப்புப் பலகாரத்தையும் வாங்கி வந்து எனக்கு ஊட்டிவிட்டு வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "தோட்டத்துக்காரிக்கு ரத்தம் கம்மி, டவுன்காரிக்குச் சீனி ஜாஸ்தி. ரெண்டு பேரையும் கலக்கி ஒரு ஆளாக்கினா சரியா இருக்கும்," என்பார். கர்ப்பத்தில் வரும் சீனி பலருக்கு வெளியே தெரியாது, சோதித்தால்தான் தெரியும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் தன் கல்லாவுக்கு வரும் வயிற்றுக்காரிகளிடமெல்லாம், "சீனி பாத்தாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீதிச் சில்லறை கொடுத்தாராம்.

ஏழாம் மாதம் எனக்கு வளையல் போட்டார்கள். ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கிய சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்கள், இரண்டு கையிலும் பாதி முழங்கை வரை. தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று வாசலில் கூடாரம் போட்டுச் சாப்பாடு. அண்ணிக்குப் புளிச்சோறு மூன்று வாய்தான், நான் எண்ணவில்லை, அவரே எல்லாரிடமும் சொல்லிப் புலம்பினார். எங்கள் வழக்கப்படி இந்த வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது. பிறந்த பிறகு பிரசவம் பார்த்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் உடைந்தால் பெரியவர்கள் முகம் கறுத்துப்போகும். வளையலை உடைப்பது புருஷன் செத்தவளுக்குச் செய்வதல்லவா?

எனக்கு அந்த வளையல்கள் ரொம்பப் பிடித்திருந்தன. நான் பேசாவிட்டாலும் அவை பேசின. தண்ணீர் மொண்டாலும் துணி பிழிந்தாலும் கலகலவென்று சத்தம். அண்ணி போன் செய்து ஒரு மூச்சு பேசிவிட்டு, "இருக்கியா?" என்பார். நான் "ம்" என்பதற்குள் வளையல் சத்தம் கேட்டுவிடும். "சரி சரி, இருக்க," என்று அடுத்த மூச்சுக்குப் போய்விடுவார்.

வளையல் போட்டுக் கொஞ்ச நாள் கழித்து என் முகம் உருண்டையாகிவிட்டது. கன்னம் பளபளத்தது. ஒல்லிக் குச்சியாக, ரத்தம் கம்மியாக இருந்தவள் திடீரென்று இப்படி ஆனதும் லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். "களை வந்திருச்சி! கொய்யாப் பழத்து மகிமை!" என்றார்கள். பக்கத்து வீட்டு மணியம் அண்ணன், "வளையல் பாரு, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கையோட ஒட்டிக்கிச்சு," என்றார். எனக்கும் கண்ணாடியில் பார்க்கப் பெருமையாக இருந்தது. தலை வலித்தது, வெயில் என்று நினைத்தேன். கொடியில் வெள்ளைத் துணி காயப்போடும்போது கண்ணில் மினுக்கு மினுக்கென்று பூச்சி பறந்தது. அதையும் வெயிலின் கணக்கில் எழுதினேன். நெஞ்சுக்குக் கீழே ஒரு வலி. நீ உதைக்கிறாய் என்று எண்ணி, தடவிக்கொடுத்தேன். கிளினிக் போக வேண்டிய நாள் இன்னும் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் அழகு என்று சொல்லும்போது நடுவில் போய் எனக்குத் தலை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒரு மத்தியானம் அண்ணி போன் செய்தார். தன் மூத்தவன் பள்ளியில் பண்ணிய கூத்தைச் சொல்லி முடித்துவிட்டு வழக்கம்போல், "இருக்கியா?" என்றார்.

"ம்."

"என்னா, வளையல் சத்தத்தக் காணோம்? கழட்டிட்டியா?"

"இல்ல அண்ணி."

"அப்புறம்?"

"இறுக்கமா இருக்கு. ஆட மாட்டேங்குது."

அண்ணி அடுத்த மூச்சுக்குப் போகவில்லை. சீனிக்காக ஓயாமல் கிளினிக்கில் காத்துக் கிடந்தவர் அவர். அங்கே மிசிகள் மற்ற பெண்களிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். "முகம் வீங்கியிருக்கா? தல வலிக்குதா? கண்ணுல ஏதாச்சும் மின்னுதா? சொல்லு, தலைய ஆட்டாத, போன்ல எனக்குத் தெரியாது!" ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். "அது களையும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. ரத்தக் கொதிப்பு. இப்பவே கெளம்பு. தம்பிகிட்டப் போனக் குடு!"

உன் அப்பா அன்று காலை ஷிப்ட் முடித்து வீட்டில்தான் இருந்தார். மணியம் அண்ணனிடம் 'கஞ்சில்' என்ற பழைய சின்னக் காடி இருந்தது, அதை இரவல் கேட்டார். அண்ணன் சாவியைக் கொடுத்தார், நம்பிக்கையைக் கொடுக்கவில்லை. பின்சீட்டில் ஏறிக்கொண்டு வழியெல்லாம், "டேய், கியர மாத்துடா! அது என்னா மம்பட்டியா, இப்படிப் புடிக்கிற? கிளச்சு கிளச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார். உன் அப்பா சொல்லும் வேகத்தை நம்பாதே. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திப் போனது. அதன் ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

கிளினிக்கில் மிசி சல்மா என் புஜத்தில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார். முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. சிறுநீரைச் சோதித்துவிட்டு வந்து, "எப்பலேர்ந்துடா தலவலி?" என்று என்னைக் கேட்டார். உன் அப்பா, "அவ நல்லாத்தான் இருந்தா மிசி, சாப்பிட்டா, தூங்குனா, இன்னிக்குத்தான் அக்கா போன் பண்ணி…" என்று ஆரம்பித்தார். மிசி கையை நீட்டிக் கதவைக் காட்டினார். "நீ வெளிய நில்லுடா. வலி ஒனக்கா, அவளுக்கா?"

அவர் போனதும் அறையில் நானும் மிசியும் மட்டும். மிசி என் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார். எனக்குப் பதிலாகச் சொல்ல யாரும் இல்லை. மகனே, அந்த முக்காலிக்கு முன்னால் நான் பேசியதுதான் அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு. தலைவலி, பூச்சி, நெஞ்சுக்குக் கீழே வலி, அது நீ உதைப்பதில்லை என்று இப்போது தோன்றுவது, காலையிலிருந்து நீ சரியாக அசையாதது, எனக்குப் பயமாக இருப்பது, எல்லாம் சொன்னேன். மிசி, "நல்லா சொன்னடா," என்றார். என் கிளினிக் புத்தகத்தின் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். சிவப்பு என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வந்து பார்த்தார், ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது, கையில் ஊசி ஏற்ற வேண்டும்.

கையில் ஊசி ஏற்ற இடம் எங்கே? மணிக்கட்டிலிருந்து மேலே வரை வளையல், சதைக்குள் புதைந்து. விரல் நுனிகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. சோப்பு போட்டு இழுத்தார்கள், ஒன்றுகூட அசையவில்லை. உடைக்க வேண்டும் என்றார் மிசி. உள்ளே கூப்பிடப்பட்டு வந்த உன் அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "மிசி, புள்ள பொறக்குறதுக்கு முன்னால… ஒடைக்கக் கூடாது மிசி." வாசலில் மணியம் அண்ணன், "ஐயோ, அபசகுனம்டா," என்று முனகினார்.

மிசி இடுப்பில் கை வைத்தார். "டேய், நானும் இந்தத் தோட்டத்துலதான்டா வளந்தேன். இந்த வளையல் கடைசியில யாருக்கு?"

"பிரசவம் பாக்குறவங்களுக்கு," என்றார் உன் அப்பா.

"இந்த ஏழு மாசமா இவள யாருடா பாக்குறது?"

"நீங்கதான்."

"அப்ப இது என் வளையல். என் வளையல நான் ஒடைக்கச் சொல்றேன். ஒடை."

அப்போதும் உன் அப்பாவின் கை எழவில்லை. அவருடைய பயம் எதுவென்று எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தன் உயிரைப் பற்றிப் பயம் இல்லை, உடைத்தால் எனக்கோ உனக்கோ ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான். அவரைப் பார்த்து நான் சொன்னேன்: "நீங்க முழுசா என் முன்னால நிக்கிறீங்க. நானும் இருக்கேன். புள்ளையும் இருக்கணும்ல? ஒடைங்க." மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மணியம் அண்ணன், "அட, பேசுது!" என்றார்.

மிசி ஈரத் துண்டைச் சுற்றிக் கொடுத்தார். உன் அப்பா அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பட்டாணி உடைவது போல ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசி வளையல் போனதும் விரல்களுக்கு ரத்தம் திரும்பிய சுகம் இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது. உன் அப்பா அழுதுகொண்டே சிரித்தார். அவர் கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல். அதற்கும் மிசிதான் பிளாஸ்டர் போட்டார்: "இவனுக்கும் ஒரு புத்தகம் தொறக்கணும் போல."

பெரிய ஆஸ்பத்திரியில் வலிப்பு வராமல் இருக்க ஒரு மருந்து ஏற்றினார்கள். மிளகாய் அரைத்த கையை உடம்பெல்லாம் தடவிக்கொண்டது போல எரிந்தது. அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் ஆபரேஷன் செய்து உன்னை எடுத்தார்கள். இப்படிப்பட்ட கொதிப்புக்குப் பிள்ளையை வெளியே எடுப்பதுதான் மருந்தாம். நீ முன்கூட்டியே வந்துவிட்டதால் ஒரு பெரிய பப்பாளி அளவுதான் இருந்தாய். ஆனால் உன் அழுகை மட்டும் அத்தையின் குரல். அத்தைக்கு அடுத்த மாதம் பெண் பிறந்தது, கொழுகொழுவென்று. சீனியை அடக்கி வைத்திருந்ததால் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவருக்குச் சீனி இறங்கிவிட்டது, ஆனாலும் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான். வீடு வந்த பிறகும் மிசி வாசலுக்கு வந்து அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பிள்ளை என்றால் முதல் மாதமே வந்து இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. உன் மனைவியோடு கிளினிக்குக்குப் போ. வெளியே நில் என்றால் நில். அவள் கையும் முகமும் திடீரென்று பூரித்தால் அழகு என்று சொல்லிவிட்டுப் போய்விடாதே. தலை வலிக்கிறதா, கண்ணில் ஏதும் மின்னுகிறதா, பிள்ளை அசைகிறதா என்று கேள். ஆமாம் என்றால் வேலை, விருந்து, நல்ல நேரம் எதையும் பார்க்காமல் அப்போதே கூட்டிக்கொண்டு போ. முக்கியமாக ஒன்று: கேட்டுவிட்டு நீயே பதில் சொல்லாதே. சில பேருக்குப் பதில் வர நேரமாகும். என்னை மாதிரி ஆள் என்றால் இன்னும் நேரமாகும். காத்திரு. உன் அப்பா இப்போது காத்திருக்கிறார். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு காத்திருக்கிறார். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து உன்னைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். நீ கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாக, பெரிய தொப்பியோடு படுத்திருந்தாய். அங்கிருந்த மிசி, "பேசுங்க, அம்மா குரல் பிள்ளைக்குத் தெரியும்," என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சுற்றிலும் வேறு அம்மாக்கள். என்ன பேசுவது? கை போகும் ஓட்டை வழியாக ஒரு விரலைக் கொடுத்தேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அன்று காலை கொடுத்த கஞ்சியில் உப்பே இல்லை என்று மெதுவாக ஆரம்பித்தேன். பிறகு பக்கத்துக் கட்டில் அக்காவின் குறட்டையைப் பற்றிச் சொன்னேன். பாகான் டத்தோவில் இருக்கும் உன் மாமன்கள் இருவரையும், அவர்களின் சண்டைகளையும், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றையும் சொன்னேன். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா அத்தைக்குப் போனைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இங்க பாருக்கா, நிறுத்தவே மாட்டேங்கிறா!" என்று சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. நீ கண்ணைத் திறக்காமலேயே உன் சின்ன வாயை முழுசாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாய்.

நான் நிறுத்தவில்லை.

உன்னோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா